ஒக்கலிபுரத்து இருட்டு

நாங்கள் இப்போது இருக்கும் பொம்மசந்திரா அபார்ட்மென்டில் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு மொட்டை மாடிக்கு வர வேண்டுமாம். நம் முன்னோர்கள் வாழ்ந்த அமைதியான இரவை அனுபவிக்கலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரவில் நான் இரண்டு மாதம் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை வந்ததும் பாத்ரூம் விளக்கு உட்பட வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுவைத்தேன்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒக்கலிபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவரைத் தொடுகிற சந்து, எதிரும் புதிருமாக எட்டு வீடு. இடத்தை விற்க நினைத்த ஓனர், நாங்கள் காலி செய்யவில்லை என்று ஒரு நாள் ஆள் வைத்து எட்டு கரண்டு மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். புகார் கொடுத்தோம், நடையாய் நடந்தோம். லைனில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியாமல் எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

முதல் வாரம் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டோம். மூன்றாவது வீட்டில் நைலான் திரை பற்றிக்கொண்டு, ஒரு பெண்ணின் முழங்கை வெந்துபோனது. அதற்குப் பிறகு சாப்பிட்டு முடித்ததும் ஊதி அணைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். என் கணவருக்கு பீன்யாவில் நைட் ஷிப்ட். சார்ஜ் ஏற்றுவதற்காக இரண்டு போனையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். தெரு விளக்கின் வெளிச்சம் சந்து முனையோடு நின்றுவிடும். எட்டு மணிக்கு மேல் நானும் மூன்று வயது மகளும் இருட்டும்தான்.

இருட்டு எங்களை எப்படி மாற்றியது என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. எட்டரைக்குப் படுத்தால் நடு ராத்திரியில் தானாக விழிப்பு வந்துவிடும். எனக்கு மட்டும் இல்லை, லைன் முழுக்க அப்படித்தான். ஒரு மணி நேரம் போலச் சுவருக்குச் சுவர் பேச்சு நடக்கும். யாருக்கோ இருமல், யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம், பிறகு மறுபடியும் தூக்கம். சந்தில் நடக்கிறவர்கள் "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். கடைசி வீட்டுக்காரர் ஒரு நாள் பேசாமல் கக்கூசுக்குப் போய், சொந்த மச்சினியிடமே துடைப்பத்தால் அடி வாங்கினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

சிரிப்போடு பயமும் வந்து குடியேறியது. லைட் இருந்த வரைக்கும் யாரும் கண்டுகொள்ளாத விஷயங்கள் எல்லாம் எங்கிருந்தோ கிளம்பி வந்தன. கதவுகளில் சாக்பீஸால் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதினார்கள். ராத்திரியில் கதவைத் தட்டுகிற பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். அதற்கு மேல் ஒரு விதியும் இருந்தது. ராத்திரியில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை கூப்பிடும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்தவர்களின் குரலில்தான் அது வருமாம். இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட அதனால் முடியாதாம். பதில் கொடுத்தால் கொடுத்தவர் உயிரோ அந்த வீட்டுக் குழந்தையின் உயிரோ போய்விடும்.

இதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டு அக்கா. லைனில் எனக்கு நெருக்கம் என்று இருந்தது அவள் ஒருத்திதான். "நானே கூப்ட்டாலும் மூணு எண்ணிட்டுத்தான் வரணும், தெர்தா? உங்கிட்ட சின்னக் கொழந்த இருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வீசிங். மூச்சு இழுத்தால் மருந்தை ஆவியாகக் கொடுக்கிற மிஷின் ஒன்று வைத்திருந்தாள். கரண்டு போனதிலிருந்து அது பெட்டிக்குள் கிடந்தது. கையில் பிடித்து வாய்க்குள் அடித்துக்கொள்கிற பம்ப்பை வைத்துச் சமாளித்தாள். மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். கணவருக்குச் செக்யூரிட்டி வேலை, அதுவும் நைட் டூட்டி. மீட்டரைக் கழற்றிய மறுநாளே அவர் என் வாசலில் வந்து நின்றார். "ராத்திரில ஒரு கொரல் குடுத்தா கொஞ்சம் எழுந்து பாரும்மா. ஒன்ன நம்பித்தான் போறேன்" என்றார். கட்டாயம் பார்க்கிறேன் அண்ணா, நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்று சொன்னேன். இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தும் இருக்கிறேன், வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு தடவையும் அவள் நிறுத்தி நிதானமாக மூன்று முறை கூப்பிட்டாள்.

அன்றைக்கு நடு ராத்திரிப் பேச்சு அடங்கி லைன் மறுபடியும் தூங்கிவிட்டது. எனக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. என் பேரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அக்காவின் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பேரின் முதல் பாதி கரகரத்து, மறு பாதியில் வெறும் காற்று. நான் மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை என் கதவுக்குப் பக்கத்தில். அக்கா என்றால் அவள் வீட்டிலிருந்துதானே கூப்பிடுவாள், இது ஏன் கிட்டே வருகிறது என்று நினைத்தேன். மகள் முனகினாள். அவள் வாயைப் பொத்தினேன். மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தேன். கதவில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. வெட்கம் கெட்டு, அப்புறம் தூங்கியும் போனேன்.

காலையில் டூட்டி முடிந்து வந்த அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் எழுந்து கதவைத் திறந்தேன். என் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, கதவு உள்பக்கம் போனதும் என் கால்மேல் சரிந்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. பம்ப் அவள் கையிலேயே இருந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன், காலி.

"கூப்ட்டாளா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணா. சத்தமே கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். கூப்பிட்டிருந்தால் நீ வராமல் இருப்பாயா என்றார். அதற்குள் லைன் முழுக்கக் கூடிவிட்டது, அவர் அதையே ஒவ்வொருவரிடமும் சொன்னார். பக்கத்தில் இந்தப் பெண் இருந்தும் இவள் வாயைத் திறக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. பத்து மணிக்கு ஓசூரிலிருந்து மகள் வந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, ஒரு குரல் கொடுக்க உனக்கு என்ன கேடு, அவ்வளவு என்ன வீம்பு உனக்கு என்று திட்டித் திட்டி அழுதாள். கூடியிருந்த பெண்களும் அதையே சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். வாய்விட்டு இரண்டு தடவை கூப்பிட்டவளுக்குச் சாகும்போது கிடைத்த பேர் அது.

நான் அழாமல் நிற்பதைப் பார்த்து யாரோ என் முதுகில் கை வைத்துத் தள்ளி, உள்ளேயே வைத்துக்கொண்டால் உனக்கும் ஏதாவது ஆகிவிடும், அழுதுவிடு என்றார்கள். போய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்ன ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாமேக்கா" என்று நானும் சொல்லி அழுதேன்.