பார்க்க மட்டும்

போர் முடிந்த அடுத்த வருடம், கல்லடியில் எங்கள் சிறிய பட்டறையில் தோணி விளக்குகளுக்குச் சர்க்கிட் போர்ட் வரைந்துகொண்டிருந்தோம். வரைபடங்கள் எல்லாம் ஒரே பொது போல்டரில் இருந்தன. அதற்குள் யார் திருத்தலாம், யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பவன் நான். எல்லோருக்கும் திருத்த அனுமதி கொடுத்தேன். ரிஸ்வானுக்கு மட்டும் பார்க்க மட்டும். புதியவர்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் பக்கத்து ஊரான காத்தான்குடி முஸ்லிம் என்பதுதான் உண்மையான காரணம்; போர் எங்கள் இரு சமூகத்துக்கும் இடையில் விட்டுப்போன சந்தேகம் அது.

ஒருநாள் அவருடைய டெஸ்க்டொப்பில் எங்கள் வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கண்டேன்.

"இத ஆருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"போல்டர்ல சேவ் பண்ண எனக்கு விடுதில்ல அண்ணன்," என்றார் ரிஸ்வான். "பிழை ஒண்டு கண்டன். திருத்தி இதில வெச்சிட்டு, உங்களக் கூப்பிடத்தான் எழும்பினன்."

திறந்து பார்த்தேன். நான் வரைந்ததில் பற்றரியின் பிளஸ், மைனஸ் கோடுகள் இரண்டும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டிருந்தன. அப்படியே செய்து கொடுத்திருந்தால் நடு வாவியில் போர்ட் கருகியிருக்கும். போர்க்காலத்தில் பாலத்து இராணுவச் சோதனைச் சாவடியில், தமிழன் என்பதற்காகவே, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நான் நின்ற வருடங்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

அன்றே முழு அனுமதியும் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

இன்றும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி, "சேவ் பண்ணட்டா அண்ணன்?" என்று கேட்கிறார். "ஓம்" என்கிறேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.