பெரியண்ணனின் பெயர் காலமானது

பெரியண்ணனை ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. யாரும் குறிப்பிட்டும் எதுவும் சொன்னதில்லை. பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் தக்காளி போடுகிறவர். வார்டு தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றார். அன்று சாயங்காலம் மனைவி சசிகலா, "கண்ணாடி எடுக்காம போயிட்டேங்க, எந்தச் சின்னத்துல குத்துனேன்னே தெரியல" என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

தன் பெயர் எங்காவது நிலைத்து நிற்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் அவருக்குப் போகவில்லை. கோயில் கல்வெட்டில்கூட 'மற்றும் ஊர்ப் பொதுமக்கள்' என்பதற்குள்தான் அவர் இருந்தார்.

அப்படிப்பட்டவரின் வயலுக்குப் பூச்சி ஆராய்ச்சியாளர் கவிப்பிரியா பெங்களூரிலிருந்து வந்தார். தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே மஞ்சள் தட்டுகளை வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் நிறத்துக்கு மயங்கி இறங்கும் பூச்சிகள் அதில் மாட்டிக்கொள்ளும். ஆடுகள் தட்டைக் கவிழ்க்காமல் பெரியண்ணன் பார்த்துக்கொண்டார். பிறகு மறந்தும் போனார்.

அடுத்த வருடம் கவிப்பிரியா போன் செய்தார்.

"அய்யா, உங்க வயல்ல கிடைச்ச ஒரு குளவி புது இனங்க. உங்க பேரையே வெச்சிருக்கேன். பெரியண்ணனி."

"கடைசில 'இ' எதுக்குங்க மேடம்?"

"லத்தீன் முறைங்க. ஆம்பளைங்க பேருக்குப் பின்னாடி அப்படிச் சேர்ப்போம்."

"ஆள் எவ்ளோ பெருசு இருக்கும்ங்க?"

"ரவை இருக்குல்லங்க, அதுல ஒண்ணை எடுத்து உடைச்சா எவ்வளவு இருக்கும்? அவ்வளவு."

அது என்ன வேலை செய்யும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். தக்காளியைத் துளைக்கும் புழு இருக்கிறதே, அதன் தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள் இந்தக் குளவி தன் முட்டையை இட்டுவிடும். உள்ளே பிறக்கும் குஞ்சு அந்த முட்டையைத் தின்று வளரும்.

"அடுத்தவ முட்டைக்குள்ள முட்டை போடுற பூச்சிக்கு உங்க பேரா?" என்றாள் சசிகலா. "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா இதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

பெரியண்ணன் காதில் அது விழவில்லை. அவர் பிளெக்ஸ் அடிக்கும் முனிராஜ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முனிராஜ் செல்போனில் குளவி என்று தேடி, வந்தவற்றில் கம்பீரமான ஒன்றை எடுத்து, பெரியண்ணனின் தோளுக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி அளவுக்கு நிறுத்தினான். 'உலக அறிவியலில் எங்கள் பெரியண்ணன்' என்ற பிளெக்ஸ் பேருந்து நிறுத்தத்தில் எழுந்தது.

அந்த வாரமே தென்னை மரம் ஏறப்போன வீரமணி, கன்னம் வீங்கி வாசலில் வந்து நின்றார்.

"உங்க குளவி கொட்டிடுச்சு. இதுக்கு என்ன பண்றீங்க?"

"அது என்னுது இல்லப்பா. என்னுது யாரையும் கொட்டாது."

"பிளெக்ஸ்ல இருக்கறதுதான் கொட்டுச்சு. நான் பார்த்தேன்ல?"

பெரியண்ணன் வண்டியை எடுத்து வீரமணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஊசி போட வைத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். வீடு திரும்பும்போது அவர் முகம் என்னவோ தெளிவாகவே இருந்தது. ஒரு விஷயத்துக்கு ஊரில் அவரைப் பொறுப்பாளி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தக்காளி விலை விழுந்து கிடந்த ஒரு நாளில் கவிப்பிரியா மறுபடி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"அய்யா, மன்னிக்கணும். லண்டன் மியூசியத்துல நூறு வருஷத்துக்கு முந்தின குளவி ஒண்ணு இருக்குங்க. மைசூர் பக்கம் பிடிச்சது. அதுவும் நம்முதும் ஒரே இனம்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் நிரூபிச்சிட்டாரு. முதல்ல வெச்ச பேருதான் செல்லும். நம்ம பேரு இனிமே செல்லாதுங்க."

"அந்தக் குளவிக்கு யாரு பேரு?"

"அது… பிடிச்ச துரை தன்னோட நாய் பேரை வெச்சிருக்காருங்க. ஜிம்மி."

பெரியண்ணன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை முனிராஜ் கடைக்குப் போய், "பேரு போயிடுச்சு. பழைய பிளெக்ஸை எடுத்துட்டு அதுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போடு" என்றார். கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு படம் வேண்டுமே. பெயர் அவருடையது, ஆகவே படமும் அவருடையதே ஆயிற்று. 'பெரியண்ணனி காலமானார்' என்று எழுதிக் கொடுத்ததில், எழுத்துப்பிழை என்று நினைத்து முனிராஜ் கடைசி எழுத்தைத் திருத்திவிட்டான்.

மதியத்துக்குள் வீட்டில் மாலைகள் சேர்ந்தன. வந்தவர்களைப் பெரியண்ணனே "வாங்க வாங்க" என்று வரவேற்று நாற்காலி போட்டார். சிலர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டார்கள். நல்லம்பள்ளியில் கட்டிக்கொடுத்த தங்கை மாதம்மாள், பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே அழத் தொடங்கி, ஒப்பாரியோடு தெருவைக் கடந்து உள்ளே நுழைந்தாள். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ செத்துட்டேன்னு போட்டிருக்காங்களேண்ணா!"

"நான் சாவல கண்ணு. பேருதான் போச்சு."

ஆரம்பித்த அழுகையை அவளால் சட்டென்று நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுது முடித்தாள். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சேதி கவிப்பிரியாவுக்கும் போனது. "நேர்ல வந்து ஒரு தடவை பாருங்கய்யா" என்று அழைத்தார். பெரியண்ணன் வேட்டி மாற்றிக்கொண்டு, சசிகலாவோடு பெங்களூருக்குப் பஸ் ஏறினார்.

பூச்சி மியூசியம் முழுக்க அந்துருண்டை வாசம். கவிப்பிரியா ஒரு பெட்டியிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்தார். பிசினுக்குள் புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. ஓரத்தில் சிவப்பு லேபிள்.

"புதுசா ஒரு பேரு வைக்கறப்ப, அதுக்கு ஆதாரமா ஒரு உடம்பைக் காட்டணும்ங்க. இது அந்த உடம்பு. பேரு செல்லாமப் போனாலும் இதைத் தூக்கிப் போட மாட்டோம். பின்னாடி யாருக்காவது சந்தேகம் வந்தா இதைத்தான் பார்க்கணும்."

"ஜிம்மி எப்படி இருக்கான்?"

"லண்டன்ல இருக்குங்க. தலையும் ஒரு றெக்கையும்தான் மிச்சம்."

பெரியண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. கவிப்பிரியா எதையோ திருகியதும் அது வந்தது. தேன் நிற உடம்பு. இறக்கை ஓரமெல்லாம் சீப்புப்பல் மாதிரி முடி. சிவந்த கண். எல்லாம் முழுசாக இருந்தது. அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. சசிகலா இடித்த பிறகே நகர்ந்தார்.

சசிகலா பார்த்துவிட்டு, "வயிறு பெருசா இருக்கே" என்றாள்.

"அது பொண்ணுங்கக்கா" என்றார் கவிப்பிரியா. "முட்டை வெச்சிருந்திருக்கு."

சசிகலா சிரிக்கத் தொடங்கினாள். பெரியண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "போயிட்டு வரேம்மா. பத்திரமா இரு" என்றார். அப்புறம் நிமிர்ந்து, பெட்டி மூடப்படும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.