மைதாப் பசையும் கோதுமை கலக்காத மாவும்

எங்கள் மாவுக் கம்பெனியில் லேபிள் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. பதினெட்டு வருஷமாகப் பாக்கெட்டில் லேபிள் ஒட்டுகிறாள். ஒன்றுகூடக் கோணலாக இருக்காது. "ஏன்க்கா, கோணலையெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வருவியா?" என்று கேலி செய்வேன்.

அவள் தங்கை மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. தூசி அளவு உள்ளே போனாலும் வயிறு வீங்கிப் பிள்ளை சுருண்டுவிடும். அதனால் கம்பெனி 'கோதுமை அறவே கலக்காத சோள மாவு' போட ஆரம்பித்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனாள். பத்தே நாளில் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"நம்ம மாவு தவிர வேற எதுவும் குடுக்கலடி" என்று என்னிடம் அழுதாள்.

கம்பெனியைக் குறை சொல்ல முடியுமா? தனி அறை, தனிச் சல்லடை, வாசலில் கால் கழுவத் தொட்டி. மேனேஜர் தினமும் வெள்ளைத் துணியால் மெஷினைத் துடைத்துப் பார்த்து, 'சுத்தம்' என்று நோட்டில் எழுதுவார். புது மருமகள் வருவதுபோல அத்தனை ஏற்பாடு.

மறுநாள் காலை வழக்கம்போல் நான் பசை கிண்டி வைத்தேன். அக்கா விரலால் தொட்டு லேபிளில் தடவிக் காலிப் பையில் ஒட்டினாள். அதே விரலை உள்ளே விட்டுப் பையின் வாயைப் பிரித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, பசை எதுல கிண்டுறே?"

"மைதாலதான். வேற எதுல?"

"மைதா எதுலேருந்து வருது?"

கோதுமையிலிருந்து. கடவுளே, கிண்டிக் கொடுத்த கை என்னுடையது.

மேனேஜரிடம் போனோம். அவர் சிரித்தார்.

"பசை வெளியிலதானேம்மா இருக்கு? மாவு உள்ள இருக்கு."

"என் விரல் ரெண்டு பக்கமும் போகுதே சார்."

"அப்ப தப்பு விரல்மேலதான்" என்று ஒரு ஜோடி கையுறை தந்தார். பசைக்கும் அதுதான், மாவுக்கும் அதுதான்.

அக்கா அதை அவர் மேஜையிலேயே வைத்தாள். பசைச் சட்டியை வெளியே கொட்டினாள். லேபிள் ஒட்டும் மேஜையையும் கையையும் தேய்த்துக் கழுவினாள். அன்று நாற்பது பாக்கெட் லேபிள் இல்லாமல் வரிசையாக நின்றன.

"லேபிள் எங்கம்மா?" மேனேஜர் கத்தினார்.

"ஒட்டினா அதுல இருக்கறது பொய் சார். ஒட்டாம விட்டாத்தான் நிஜம்."

பெயரில்லாத பாக்கெட்டை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? மத்தியானத்துக்குள் லேபிளைக் கட்டித் தொங்கவிட நூற்கண்டு வந்துவிட்டது. 'சுத்தம்' நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார் மேனேஜர், தன் யோசனை என்று.

ஒரு மாதம் நான் கடவுளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பிள்ளை தானே நடந்து கம்பெனி வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை. நூலில் தொங்கிய லேபிளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது ஒரே கோணலா இருக்கே!"

"இருக்கட்டும்டி" என்றாள் அக்கா.