சுடாத கை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்று துவாக்குடியில் எனக்கு மூன்று மெஸ். எஞ்ஜினியருக்குப் படிக்கிற பிள்ளைகள் என் சாம்பாருக்கு வரிசையில் நிற்கிறார்கள். பேசியே ஆளை மடக்கும் சாமர்த்தியம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. டாக்டர் என்றாலே எரிந்து விழும் அப்பாவை ஒன்பது வயதில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் நானாக்கும்.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கம் ரயிலடியில் டீக்கடை. அந்த வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தபோது, அடியில் வைக்கும் வேப்பிலையை வீசிவிட்டு வெறுங்கையில் ஏந்தி நடந்தார். முகம் சுளிக்கவில்லை. ஜனங்கள் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு கடையில் கொதிக்கும் பால் குண்டானைத் துணியில்லாமல்தான் இறக்குவார். அதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

ஒரு காலை அம்மா மூக்கை உறிஞ்சினாள். ஏதோ தீய்கிற வாடை. மூவரும் கடையெல்லாம் தேடினோம். அப்பாவும் எட்டி எட்டிப் பார்த்தார், ஒரு கையை அடுப்பு விளிம்பில் ஊன்றியபடி. அந்தக் கைக்கு அடியிலிருந்துதான் புகை வந்தது.

"டாக்டர்கிட்ட போவோங்க," என்று அம்மா அழுதாள்.

"ஆத்தா குடுத்ததை ஊசி போட்டு எடுக்கச் சொல்றியா? போடி, வேலையப் பாரு."

அம்மாவின் அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"அப்பா, புத்தூர்ல ஒரு டாக்டர் இதெல்லாம் கண்கட்டு வித்தைங்கிறாராம். எங்க, என் முன்னாடி வந்து காட்டச் சொல்லுங்கிறாராம்."

"அப்படியா சொன்னான்? எடுடி என் சட்டைய!"

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். "தொட்டதும் சொல்லுங்க."

அப்பா சிரித்த முகமாகக் கையை நீட்டினார். "ம், தொடுங்க சார்." சற்றுப் பொறுத்து, "என்ன சார், பயமா?"

ஊசி அவர் உள்ளங்கையில் குத்திட்டு நின்றது.

"எங்கப்பா ஜெயிச்சிட்டாங்க!" என்று நான் கைதட்டினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க," என்றார் டாக்டர் மெதுவாக. "நரம்பு செத்துக்கிட்டு வருதுங்க. இது நோய். இப்பவே மருந்து எடுத்தா விரல் தப்பும்."

தோற்ற டாக்டர் வேறென்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. மருந்துப் பொட்டலம் அப்பா மடியில் இருந்தது. அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். அமுக்கினேன், கிள்ளிக்கூடப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவருக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.