முதல் வரியை எடுத்தவர்கள்

செம்பூரிலிருந்து போன் வந்தபோது நான் மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். காலைக் காபியை யார் கெடுத்தாலும் எனக்குப் பிடிக்காது. எடுத்ததும் ஹலோ கூட இல்லை.

"உங்க பொண்ணு எழுதின புரோகிராம் படுத்துடுத்து. லேபிள் ஒண்ணுகூட வரலை. லாரியெல்லாம் நிக்கறது. உடனே கிளம்பி வாங்கோ."

பேசியவர் கிருஷ்ணன் சார். செம்பூரில் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். கம்பெனியின் பெயர் வேண்டாம். 'உங்க பொண்ணு' என்று அவர் சொன்னது மும்தாஜை. அவள் என் மகள் இல்லை, என் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவள். அவளுடைய வாப்பா பீர் முகமது அதே கம்பெனி கோடவுனில் பெட்டி ஏற்றுகிற ஆள். மகளின் புரோகிராம் அச்சடிக்கும் லேபிளை ஒட்டித்தான் தகப்பன் லாரியில் பெட்டி ஏற்றுவார். இதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் சுமந்து டெலிவரி கொடுத்தேன், பிறகு பிரித்து ரிப்பேர் பார்த்தேன், பிறகு அதற்குள் ஓடுவதை எழுதவும் கற்றுக்கொண்டேன். பெர்ல் என்ற மொழியில் நான் எழுதிய பில்லிங், பாம்பேயில் லேபர் கேம்ப் முதல் பாண்டுப் வரை நம் தமிழ் ஆட்களின் கடைகளில் ஓடுகிறது. தற்பெருமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். சம்பாதித்த பெருமை அது.

கேட்டால் தருவது

நடந்தது புரிய வேண்டுமானால் ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். பெர்ல் மொழியில் அவ்வப்போது புதிய எழுத்துமுறைகள் சேர்ப்பார்கள். சேர்த்தாலும் எல்லார் தலையிலும் கட்டுவதில்லை. புதியது உள்ளேயே இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். எந்த ஃபைலில் வேண்டுமோ அதன் மேலே 'இந்த வசதி எனக்கு வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் அந்த ஃபைலுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும். பக்கத்து ஃபைல் பழையபடியே ஓடும். எத்தனையோ வருஷத்துக்கு முன் எழுதின புரோகிராம் உடையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்த மரியாதைக்காகவே எனக்கு அந்த மொழியைப் பிடிக்கும்.

கோடவுனில் பிரிண்டரின் தொடர்பு அடிக்கடி விட்டுப்போகும். அப்படிப் போனால் புரோகிராம் விழாமல் அடுத்த பிரிண்டருக்குப் போக வேண்டும். இதைப் பழைய முறையிலும் எழுதலாம், ஆனால் கோணல்மாணலாக இருக்கும். மும்தாஜ் புதிய 'ட்ரை, கேட்ச்' முறையில் எழுதினாள். 'செய்து பார், தவறினால் பிடித்துக்கொள்' என்று படித்தவுடன் புரிகிற முறை. லேபிள் ஃபைலின் மேலே அதற்கான வரியையும் போட்டாள். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்த மேல்வரி எதையும் கூட்டாது, கழிக்காது, அச்சடிக்காது. நம் லோக்கல் ரயில் வண்டியின் நெற்றியில் ஃபாஸ்டா ஸ்லோவா என்று எரிகிறதே, அதுபோல. அந்த எழுத்து ஒரு ஆளையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. ஆனால் அதை அணைத்துவிட்டால் ஸ்லோ மட்டும் நிற்கிற மாட்டுங்காவில் காத்திருப்பவன் ஃபாஸ்டுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பான்.

கோடவுன்

நானும் மும்தாஜும் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் கேட்டுக்கு வெளியே வரை நின்றன. ஏற்றும் ஆட்கள் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், கடுப்பு இருக்காதா? அவர்களுக்குத் தலைவனான முகாதம் எங்களைக் கண்டதும் ஹிந்தியில் உரக்கச் சொன்னான்.

"பீர் பாய், வந்து பாரு, நமக்கெல்லாம் லீவு குடுத்த மேடம் வந்தாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். பீர் பாய் மட்டும் தலையைத் தூக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து "வாப்பா" என்றபோதும் கையிலிருந்த சணலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் மாடிப்படி ஏறினாள். எனக்கு அப்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

மேலே கிருஷ்ணன் சார் பெரிய திரையில் எரரைத் திறந்து வைத்திருந்தார்.

"பாருங்கோ, எரர் எந்த லைன்ல சொல்றது? இவ எழுதின அந்த ட்ரை இருக்கற இடத்துல. இதுக்கு மேல என்ன வேணும்?"

மும்தாஜ் ஃபைலின் தலைப்பக்கம் போனாள்.

"இதுக்கு மேலதான் சார் வேணும். முதல் வரி எங்க?"

அந்த வரி இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். வரி போனால் புதிய முறை அணைந்துவிடும், ட்ரை என்ற சொல்லே மொழிக்குப் புரியாது. புரியாத இடத்தில்தானே அது கத்தும்? வரியை எடுத்த இடத்தில் கத்தாது. பழி விழுந்தது ஒழுங்காக எழுதியவள் மேல்.

ஓரத்து மேஜையில் நிகில் என்று ஒரு மராட்டிப் பையன், அங்கே இன்ஜினீயர். அவன் எழுந்து, தான்தான் நேற்று எடுத்ததாக ஹிந்தியில் சொன்னான். வெளியாட்கள் கொடுக்கும் ஃபைலில் வேலை செய்யாத வரிகளையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணச் சார் சொல்லியிருந்தாராம். ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். ஒரு வரிதானே என்று ஓட்டிப் பார்க்காமலே ஏற்றிவிட்டானாம்.

வரியைத் திரும்பப் போட்டோம். கீழே பிரிண்டர் ஓடும் சத்தம் மாடிக்குக் கேட்டது.

இந்த இடத்தில் கிருஷ்ணன் சார் 'தப்பு எங்களுடையது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவர் சொன்னது வேறு.

"சரி, ஓடறது. ஆனா எங்க பாலிசில ஆப்ஷனல் சமாச்சாரமெல்லாம் கிடையாது. பழைய முறைக்கு மாத்திக் குடுத்துடுங்கோ. வெண்டர் புரோகிராம் எரர்னு எல்லாருக்கும் மெயில் போயாச்சு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எப்படி அப்படியே இருக்கும் என்று கேட்டேன். காண்ட்ராக்டே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். மும்தாஜ்தான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணாச்சி, இருங்க. சார், புதுசு வேண்டாம்னா அது உங்க இஷ்டம். நான் பழைய முறையில இப்பவே எழுதித் தாரேன். ஆனா தப்பு என்னோடது இல்லேன்னு கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்க வாப்பா அங்க வேலை செய்யுதாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டிங் இருக்கிறது என்றார். போய்விட்டார்.

அவள் உட்கார்ந்து பழைய முறையில் எழுதினாள், ஓட்டிப் பார்த்தாள், கொடுத்தாள். நான் அதுவரை காத்திருக்கவில்லை. கீழே இறங்கிப்போய்க் கோடவுன் நடுவில் நின்று, வரியை எடுத்தது மேலே இருக்கிறவர்கள், இந்தப் பெண் மேல் பழி போடாதீர்கள் என்று என் பாம்பே ஹிந்தியில் முழங்கினேன். என் குரல் தாராவியில் பெயர் போனது. முகாதம் தலையை மட்டும் ஆட்டினான். பீர் பாய் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சார் ஒத்துக்கிட்டாரா, அண்ணாச்சி?"

"அந்த ஆளு ஒத்துக்கிட மாட்டான். நான் சொல்லுதேம்லா, போதாதா?"

"நீங்க நம்ம ஆளு. நீங்க சொன்னா, எங்களுக்காகப் பேசுதீங்கன்னுதான் நெனப்பானுவ."

மறுபடி மேலே போய்க் கேட்கலாம் என்று மாடிப்படிக்குத் திரும்பினேன்.

அப்போது மாடிப்படியில் நிகில் வந்தான், பின்னால் மும்தாஜ். அவன் நேரே முகாதத்திடம் போய் மராட்டியில், அந்த வரியை எடுத்தது தன் கை என்றும் பீர் பாயின் மகள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னான். முகாதம் அவனை நன்றாகத் திட்டினான். வாங்கிக்கொண்டு நின்றான் பையன். திட்டி முடித்ததும் முகாதம் விசில் அடித்தான், ஆட்கள் எழுந்தார்கள். பீர் பாய் சணலைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"காலைல எதும் தின்னியா, இல்லியா?"

இப்போது எழுதுகிற பிள்ளைகளுக்கு

புதிய முறை வேண்டாம் என்றால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். விருப்பம் இருந்தால்தான் என்று மொழியே சொல்கிறது. ஆனால் இன்னொருவர் ஃபைலில் ஒரு வரி எதற்கு என்று தெரியாவிட்டால், எழுதியவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எரர் காட்டுகிற வரியை எழுதியவர்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டாதீர்கள்.

அந்த மெயில் இன்றைக்கும் திருத்தப்படவில்லை. 'வெண்டர் புரோகிராம் எரர்' என்றே இருக்கிறது. செம்பூர் போகும்போதெல்லாம் மாடியேறிக் கேட்கிறேன். "பாக்கறேன், பாக்கறேன்" என்கிறார் கிருஷ்ணன் சார். எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் லிஃப்ட் வேலை செய்யாத நாளிலும் ஏறிப்போய்க் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.