சிவப்புப் பக்கத்தில் ஒரு வரி

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு சார். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கம்ப்யூட்டர் ரூமை ஒட்டிய சின்ன அறையில், வயர்க் கூட்டமும் இரைச்சலுமாக நிற்கும் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் இணையத்தில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. தீர்மானம் என்ன பெரிய தீர்மானம்? சந்தேகம் வந்தால் மூடிவிடு, அவ்வளவுதான். எப்போதோ ஒரு மாணவனின் அப்பா ஆபீஸ் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதிலிருந்து, எதற்கெடுத்தாலும் அவரிடம் ஒரே பதில்: "எதுக்கு சார் வம்பு?"

அவர் வம்பைத் தவிர்க்க ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓவிய டீச்சர் பழங்காலச் சிலைகளைக் காட்டலாம் என்றால், சிலைகளின் உடை போதாது என்று, பக்கங்களை மூட அவர் போட்டிருந்த ஃபில்டர் மறுத்துவிட்டது. சரித்திர வாத்தியாருக்குப் போரே நடக்காத சரித்திரம்தான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போதைப் பழக்கம் கூடாது என்று ஹெட்மாஸ்டர் ஆற்றிய உரையைப் பள்ளியின் சொந்த இணையதளத்தில் போட்டார்கள். 'போதை' என்ற சொல்லைக் கண்டதும் ஃபில்டர் அந்தத் தளத்தையே இழுத்து மூடியது. தன் பேச்சைத் தானே படிக்க ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

மூடிய பக்கத்துக்குப் பதிலாகச் சிவப்புத் திரை ஒன்று வரும். அதில் உள்ள வாசகம் பூட்டு சாரே யோசித்து எழுதியது: 'நீங்கள் தேடுவது தகாத விஷயம். உங்கள் பெயர் குறித்துக்கொள்ளப்பட்டது.' உண்மையில் யாருடைய பெயரையும் யாரும் குறிக்கவில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்தார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. சும்மா ஒரு மிரட்டல். "இந்த ஒரு வரியே பாதி வேலைய முடிச்சிடும் சார்" என்று பெருமை வேறு. நல்ல மனுஷர்தான், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வரியை எழுதும்போது ஒரு குழந்தையின் முகத்தையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

வீட்டில் அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற ஏற முடியெல்லாம் கொட்டிப்போய், தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார். அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம், "அம்மாவுக்கு உள்ள ஒரு சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நோயின் பெயரை அவள் காதுபடச் சொல்வதில்லை என்று ஏற்பாடு. பூட்டு சாருக்கு அவள் இல்லாதபோதும் அந்தப் பெயர் வாயில் வராது. டாக்டரிடமே "அந்த இது" என்பார்.

அம்மாவின் மேல் காலைப் போடாமல் தூங்கத் தெரியாத பெண் அவள். ஆபரேஷன் ஆன புதிதில் கூடத்தில் படுக்க வைத்தார்கள். புண் ஆறியதும் அம்மா கூப்பிட்டார். "வா கண்ணு, பழையபடி எங்கிட்டயே படுத்துக்கோ."

"பரவால்லம்மா, இங்கயே நல்லா இருக்கு" என்றுவிட்டாள் அவள்.

அதோடு போகவில்லை. பள்ளி விட்டு வந்ததும் மடியில் வந்து விழுகிறவள், இப்போது கதவோரமாக நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நழுவ ஆரம்பித்தாள்.

"என்னங்க, எம் பொண்ணுக்கு என்னைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு போல" என்றார் மனைவி ஒரு நாள் காலை. "இந்தத் தலையைப் பார்த்துப் பயப்படுறா. வியாதியக்கூட தாங்கிக்கிறேன், இதைத் தாங்க முடியலைங்க."

"சின்னப் பிள்ளை, சரியாயிடுவா" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வகுப்புகள் முடிந்த பிறகு, அவர் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். மகள் வழக்கம்போலக் கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்பா, சிவப்புப் பக்கத்துல பேரைக் குறிச்சிட்டா யார்கிட்ட குடுப்பாங்க?"

"ஏன்? நீ என்ன தேடினே?" குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. பூட்டு சார் மகளே மாட்டிக்கொண்டாள் என்றால் ஆசிரியர்கள் அறையில் என்ன பேசுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. மனுஷ புத்தி.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொன்னா அம்மாவைத் திட்டுவீங்க."

"அம்மாவையா? நான் ஏம்மா அம்மாவைத் திட்டப்போறேன்?"

"அம்மா சித்திகிட்ட ஃபோன்ல பேசுறப்ப வியாதியோட பேரைச் சொன்னா. அதைத்தான் தேடினேன். தகாத விஷயம்னு வந்துச்சுப்பா." கண் நிறைந்துவிட்டது. "அம்மா என்னப்பா தப்பு பண்ணினா?"

அவர் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதனாலதான் அம்மா பக்கத்துல போக மாட்டேங்கிறியா?"

"போனா கேட்டுடுவேன்பா. கேட்டா அம்மா அழுவா."

தாய் அழக் கூடாது என்று தள்ளித் தள்ளி நின்றிருக்கிறது அந்தப் பிள்ளை. அந்த வரியை எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அதை எழுதினது நான்தாம்மா" என்றார். "சேட்டை பண்ற பசங்களை மிரட்டுறதுக்கு எழுதினேன். யார் பேரையும் குறிக்கிறதில்லை. அம்மா ஒரு தப்பும் பண்ணலை. அது வெறும் வியாதி. அதுக்குப் பேரு மார்பகப் புற்றுநோய்."

ஒருவழியாக வாயைவிட்டு வந்துவிட்டது. அணைத்த கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, அதே பெயரை அவரே தட்டினார். திரை சிவந்தது.

"உங்க பேரையும் குறிச்சாச்சு" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், உள்ளறைக்குப் போய் 'மார்பகம்' என்ற சொல்லை ஃபில்டரிலிருந்து எடுத்துப்போட்டார். குழந்தைகளுக்காக ஒரு மருத்துவமனை படம் போட்டு எழுதியிருந்த பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தார்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை, கட்டிப்பிடித்தால் வராது என்ற இடத்தை அவள் இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு அவர் தன் வரியை அழித்தார்.

"இப்ப என்ன எழுதலாம், நீயே சொல்லு."

அவள் யோசித்துச் சொன்னாள். "இந்தப் பக்கம் இங்க திறக்காது. நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. பக்கத்து ரூம்ல அப்பா இருக்கார், போய்க் கேளு."

"ஸ்கூல் முழுக்க நான் அப்பாவா?"

"அப்ப பூட்டு சார்னு போடுங்க. அப்படிச் சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்."

அப்படியே போட்டார். இன்றும் அந்த வரி அங்கே இருக்கிறது. அவர் அறையில் ஏதாவது ஒரு குழந்தை ஏதாவது ஒரு சந்தேகத்தோடு நின்றபடிதான் இருக்கும். ஓவிய டீச்சருக்குச் சிலைகளும் கிடைத்துவிட்டன.

அன்று வீட்டுக்குப் போனதும் மகள் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே உள்ளே போனாள். அம்மா கட்டிலில் படுத்திருந்தார்.

"எந்தப் பக்கம்மா ஆபரேஷன் பண்ணாங்க?"

அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். கணவர் வாசற்படியில் நின்றபடி தலையசைத்தார்.

"இடது பக்கம் கண்ணு."

"இன்னும் வலிக்குதா?"

"தொட்டா கொஞ்சம் வலிக்கும்."

மகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்ப் படுத்து, காலைத் தூக்கி அம்மாவின் மேல் போட்டாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. மாற்றும்படி யாரும் சொல்லவும் இல்லை.