றொபின் விழுந்து கிடந்த படம்

கைபேசியில் புது எண் ஒன்று சேர்ந்தால் போதும், றொபின் அந்த ஆளின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பனிச்சறுக்கில் அவர் எப்படிப்பட்டவர் என்று சாதகம் சொல்லிவிடுவார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

"சறுக்குப்பலகையைத் தோளிலை சாத்திக்கொண்டு நிக்கிறவர் வாடகைக்கு எடுத்தவர். கறுப்புக் கண்ணாடியும் புது ஜக்கெற்றும் எண்டா முதல் இறக்கத்திலையே மரத்தைக் கட்டிப்பிடிப்பார். தோடம்பழம் உரிக்கிறவர் சாப்பிட மட்டும் வந்தவர்."

"அப்ப உங்கடை படம், அண்ணை?" என்று கிருஷிகன் கேட்பான். றொபினோடு சறுக்கப் போகிறவன் அவன்.

"பிரேக் இல்லை எண்டு சொல்லுது."

றொபினின் படத்தில் அவர் பனியில் மல்லாந்து கிடந்தார். ஒரு பலகை பனிக்குள், மற்றது வானத்தில். வாய் காதுவரை. அந்த வழியால் போன ஒரு நோர்வேக்காரி அவருடைய கைபேசியை வாங்கி எடுத்த படம்.

ஊரான பேசாலையிலிருந்து இருபத்திரண்டு வயதில் நோர்வேக்கு வந்தவர். வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் முதியோர் இல்லச் சமையலறை. நாற்பத்தொன்பதாம் வயதில், நிலவறையில் மகள் நிலூஜா கைவிட்டிருந்த பலகைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். "பனியை இத்தினை வருசம் திட்டினது காணும்" என்றார்.

போன இலையுதிர்காலத்தில் நிலூஜாவுக்கு ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்வீட்டாரின் கைபேசிப் படங்களைப் பார்க்காமல் இப்போது யார் பேசுகிறார்கள்? மாப்பிள்ளையின் தாய் மேரியம்மா, இடையில் நின்ற பெண்ணிடம் கேட்டாராம்: "தேப்பன் குடிப்பாரோ? பனிக்குள்ளை விழுந்தெல்லே கிடக்கிறார்."

அது றொபினின் மனைவி மேரினின் காதுக்கு வந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ."

"ஏன், வடிவாத்தானே கிடக்கிறன்?"

"பிள்ளையின்ரை வாழ்க்கையப்பா."

அவர் கைபேசியை நீட்டினார். மேரின் படத்தை முகப்பிலிருந்து நீக்கினாள். மறுபடி போட்டுவிடுவார் என்று சேமிப்பிலிருந்தும், அழித்தவை கிடக்கும் இடத்திலிருந்தும் துடைத்தாள். பிறகு பல்கனியில் அவரைக் கோட்டோடு நேராக நிறுத்திப் புதுப்படம் எடுத்தாள். அதை அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தாள் சறுக்காது" என்றார்.

லோறென்ஸ்கூக்காரர் பிறகு கதைக்கவேயில்லை.

தை மாதம் இரண்டாம் வாரம், வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டக் குனிந்த றொபின் நிமிரவில்லை.

மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டு அவருடைய தமையன் அருளானந்தன் மேரினுக்கு அன்றைக்கே தொலைபேசி எடுத்தார். "கோட்டுப் படம் இருக்குத்தானே பிள்ளை, அதை அனுப்பு."

"அது வேண்டாம் அத்தான். விழுந்து கிடக்கிற படம்தான் போடவேணும்."

"செத்தவீட்டுக்கு அதோ?"

"ஓம்."

இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கினாள். சறுக்கப் போகிறவர்களின் குழுவில் எழுதிக் கேட்டாள். ஒருவரிடமும் இல்லை. "எல்லாற்றை மனசிலையும் இருக்கு அக்கா, போனிலைதான் இல்லை" என்றான் கிருஷிகன். நிலூஜா வேலைக்கு லீவு போட்டு, தகப்பனின் கைபேசியைக் கணினியில் இணைத்து இரண்டு நாளும் தேடினாள்.

"இல்லை அம்மா."

"நான்தான் அழிச்சனான்."

"தெரியும். அப்பா சொன்னவர். சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவர்."

கோட்டுப் படமே போனது. தேவாலயத்தில் பெட்டிக்குப் பக்கத்திலும் அதுதான் நின்றது. வந்தவர்கள் அதை ஒருதரம் பார்த்தார்கள், பிறகு பெட்டியைப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒஸ்லோவின் புருசெத்தில் தங்கள் வீட்டுக் குசினியில் இருந்தபோது மேரின் கேட்டாள்: "படத்திலை எந்தக் கால் பிள்ளை மேலை நிண்டது? வலதுதானே?"

"இடது எண்டு நினைக்கிறன்."

"இல்லை, வலது."

நிலூஜா யோசித்தாள். பிறகு அவளுக்கும் உறுதியில்லை. கிருஷிகனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"நான் முகத்தைத்தான் அக்கா பாத்தனான்."

மேரின் விடவில்லை. குழுவில் அடுத்த பெயரைத் தேடி, எண்ணை அழுத்தினாள்.